காசு ஓடட்டும், பேசு

இதை நம்பாதவர்களோடு வாதாடுவதை நான் விட்டு நாளாகிறது. எங்கள் ஊர் லோங் தெமுயாங் போய் லென்சாவ் மாமாவின் வலது காலைப் பாருங்கள், சுகெங் வாத்தியாரைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்வேன். நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நள்ளிரவு இல்லை, அமாவாசை இல்லை. பட்டப்பகல். 2016, செப்டம்பர் 13, செவ்வாய்க்கிழமை. முதல் அழைப்பு மதியம் 2:26. எல்லா நேரத்தையும் ஒரு பிஸ்கட் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். எனக்குப் பைத்தியம் என்பவர்கள் அந்த அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

என் பெயர் உசுன். கலிமந்தானின் மேலாற்றில் நீள்படகு ஓட்டுகிறேன். பொம்பளை படகு ஓட்டுவாளா என்று கேட்டவர்கள் எல்லாம் என் படகில்தான் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

எங்கள் ஆற்றில் சாதாரண போனுக்கு சிக்னல் கிடையாது. படகுக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து பழைய சாட்டிலைட் போன் இரண்டு வாங்கினோம். ஒன்று எங்கள் ஊர்த் துறையில், என் புருஷன் ஜாலுங் கையில் இருக்கும். மற்றது ஆற்றில் போகிறவரோடு போகும். ஒரு நிமிடப் பேச்சு, ஒரு லிட்டர் பெட்ரோல் விலை. அதனால் பேசுவதற்கே ஒரு முறை வைத்திருந்தோம். நல்லபடியாகச் சேர்ந்துவிட்டால் ஒரே ஒரு முறை மணியை அடிக்கவிட்டு வெட்டிவிட வேண்டும். எடுக்காத அழைப்புக்குக் காசில்லை. தாமதம் என்றால் இரண்டு முறை. விவரம் சொல்ல வேண்டுமென்றால் குறுஞ்செய்தி, அது மலிவு. பேசியே ஆக வேண்டுமென்றால், சொல்ல வேண்டியதை முதலில் ஓர் அட்டையில் எழுதிக்கொண்டு, பிறகுதான் எண்ணை அழுத்த வேண்டும். மற்ற நேரமெல்லாம் ஆற்றுக்குப் போகிற போன் அணைந்தே இருக்கும். ஆற்றில் எங்கே போய்ப் பேட்டரியை ஏற்றுவது?

ஜாலுங் இந்த முறைக்கென்றே பிறந்தவன். போனில் அவனுக்கு மூன்று சொற்கள்தான். "சொல்லு." "சரி." "வை." பதினோரு வருடக் குடித்தனத்தில் போனில் நாலாவது சொல்லை நான் கேட்டதில்லை. நாயைக் கூப்பிடக்கூட உன் புருஷன் இதைவிட அதிகமாகப் பேசுவான் என்று லென்சாவ் மாமா என்னைக் கிண்டல் செய்வார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் போனில் பேசினால் பதில் உடனே வராது. நாம் சொன்னது வானத்துக்கு ஏறி, இறங்கி, அங்கிருந்து பதில் மறுபடி ஏறி இறங்கி வர வேண்டும். மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணலாம். எங்களுக்கு அது பழகிப்போனது. பேசிவிட்டு எண்ணுவோம்.

அன்று கீழ் ஊரான லோங் சபுனிலிருந்து காலை 7:10க்குக் கிளம்பினோம். படகின் முன்முனையில் கழியோடு லென்சாவ் மாமா. ஐம்பத்திரண்டு வயது, அந்த ஆற்றின் ஒவ்வொரு கல்லையும் திட்டத் தெரிந்தவர். நடுவில் அரிசி மூட்டை, பெட்ரோல் கேன், பள்ளிக்கூடப் புத்தகப் பெட்டிகள், அவற்றின் மேல் சுகெங் வாத்தியார். ஜாவாவிலிருந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகி வருகிறவர். ஒல்லி உடம்பு. நீச்சல் தெரியாது. இஞ்சின் என் கையில்.

தண்ணீர் குறைவாக இருந்தது. புவாங் பாய்ச்சல் என்று ஓர் இடம். இரண்டு பக்கமும் செங்குத்துக் கரை, நடுவில் வெள்ளையாகக் கொதிக்கும் ஆறு. 1:50க்கு அதன் தலைப்பில் ஏறும்போது இஞ்சின் விசிறி கல்லில் அடித்து உடைந்தது. படகு பின்னால் சரிந்தது. மாமா குதித்துத் தோளால் முட்டுக்கொடுத்தார். படகுக்கும் பாறைக்கும் நடுவே அவர் கால் மாட்டிக்கொண்டது. கரும்பு ஒடிகிற சத்தம் கேட்டது.

எப்படியோ இழுத்துப் பாய்ச்சலுக்குக் கீழே இருந்த கல்திட்டில் ஒதுங்கினோம். கூழாங்கல் பரந்த நல்ல திட்டு. மேலே திறந்த வானம். பின்னால் ஒரு பெரிய கறுப்புப் பாறை, அதற்கும் பின்னால் காட்டுக் கரை செங்குத்தாக ஏறியது. மாமாவின் காலை உடைந்த கழித்துண்டு இரண்டு வைத்துச் இடுப்புச் சாரத்தைக் கிழித்துக் கட்டினேன். எலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, படகுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் கேட்டார்.

2:20க்குப் போனை உயிர்ப்பித்தேன். அட்டையில் நாலு வரி எழுதினேன். 2:26க்கு அழுத்தினேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"சொல்லு."

சொன்னேன். மாமா கால் முறிவு, இஞ்சின் போச்சு, புவாங் கீழ்த் திட்டு, மூன்று பேர்.

"அங்கேயே இருங்க. நான் வர்றேன். அவருக்கு ரொம்ப வலிக்குதா?"

வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வெட்டினேன். ஒரு நிமிடம் பத்து நொடி. பத்து நொடிக்காக இன்னொரு நிமிடமும் போயிற்றே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் நெஞ்சு லேசானது. படகில் வந்தால் இரண்டு மணி நேரம். வந்துவிடுவான். மாமாவிடமும் வாத்தியாரிடமும் சொன்னேன். மாமா கண்ணை மூடிப் படுத்தார்.

ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று தெரியவில்லை.

2:50. திட்டின் ஓரத்தில் தண்ணீர் நிறம் மாறியிருந்தது. காலையில் தேநீர் மாதிரி இருந்தது, இப்போது பால் விட்ட காபி. சருகும் நுரையும் மிதந்து வந்தன. எங்களுக்கு மேலே வானம் நீலமாகத்தான் இருந்தது. ஆனால் ஆற்றின் தலைப்பக்கம், மலைக்கு மேல், கருப்பாக இருந்தது.

தண்ணீர் முதலில் எங்கள் ஊரில்தான் ஏறும். ஜாலுங் துறையில் நிற்கிறவன். அவனுக்குத் தெரியாமல் இருக்காது. அப்படியானால் அவன் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

2:58. மறுபடி அழுத்தினேன்.

இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தான். அங்கே தண்ணீர் எப்படி என்று கேட்டேன்.

"இறங்கிட்டுத்தான் இருக்கு. பயப்படாதே. சாப்பிட்டீங்களா?"

நான் திகைத்தேன். சோறு கட்டி வந்ததைத் தின்றோம் என்றேன்.

"தொட்டுக்க என்ன?"

கருவாடு என்றேன். குரல் என்னவோ... ஜாலுங் குரலேதான். அந்தக் கரகரப்பு, சொல்லின் கடைசியை விழுங்குவது, எல்லாம். ஆனால் ஜாலுங் நிற்கிற துறையில் எப்போதும் நாய் குரைக்கும், யாராவது இஞ்சினை உதைப்பார்கள், பிள்ளைகள் தண்ணீரில் குதிப்பார்கள். இந்தப் போனில் அந்தச் சத்தம் எதுவும் இல்லை.

காசு ஓடுகிறது, வைக்கிறேன் என்றேன்.

"ஓடட்டும். பேசு."



அப்போதுதான் உறுத்தியது என்னவென்று புரிந்தது. நான் எண்ணவேயில்லை. முதல் அழைப்பிலும் எண்ணவில்லை. இப்போதும் எண்ணவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ண அந்தக் குரல் இடமே கொடுக்கவில்லை. நான் வாயை மூடுவதற்குள் பதில் வந்தது. எதிரே உட்கார்ந்திருக்கிறவன் பேசுகிற மாதிரி.

சோதித்துப் பார்த்தேன்.

"ஜாலுங்."

"ம்."

உடனே.

"நீ எங்க இருக்க?"

"வந்துட்டே இருக்கேன். நீ அங்கேயே இரு. பேசிட்டே இரு."

வெட்டினேன். மணி 3:02.

மாமாவிடம் போய், மேலே ஏற வேண்டும் என்றேன். அவர் கண்ணைத் திறந்தார். இந்தக் காலோடா, உன் புருஷனே இருக்கச் சொல்கிறான், நீ யாரடி என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எலும்பு முறிந்தவரைச் செங்குத்துக் கரையில் ஏற்றுவது கொல்வது மாதிரி. தப்பாக முடிந்தால் பழி என் மேல்தான்.

"மாமா, நான் சாப்பிட்டேனான்னு கேட்டான்."

மாமா என்னையே பார்த்தார். 

"போன்லயா?"

"போன்லதான். காசு ஓடட்டும்னான்."

"தூக்கு," என்றார்.

அரிசி மூட்டையை, பெட்டிகளை, படகை, எல்லாவற்றையும் அப்படியே விட்டோம். மிச்சச் சாரத்தால் மாமாவை என் முதுகோடு கட்டிக்கொண்டேன். கீழிருந்து வாத்தியார் தாங்கினார். ஒல்லி உடம்பென்று நினைத்திருந்தேன், அன்று அவர் சுமந்ததை நான் மறக்க மாட்டேன். கறுப்புப் பாறையைச் சுற்றித்தான் ஏற வேண்டும். அதை நெருங்கியதும் வாத்தியார் நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

என்ன என்று கேட்டேன்.

"அம்மா... நீங்க ரெண்டு தடவையும் பேசினப்ப, எனக்கு உங்க வீட்டுக்காரர் குரல் கேட்டுச்சு."

போனிலிருந்து கேட்டிருக்கும் என்றேன்.

அவர் இல்லை என்று தலையாட்டினார். கையை நீட்டிக் காட்டினார்.

"இந்தப் பாறைக்குப் பின்னாலேருந்து. நான் எதிரொலின்னு நினைச்சேன்."

பாறைக்குப் பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். வேறு வழி இல்லை. வெட்டுக்கத்தியை உருவிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். எவன் நின்றாலும் வெட்டுவது என்று முடிவு.

யாரும் இல்லை.

கூழாங்கல் மட்டும் ஓரிடத்தில் நனைந்திருந்தது. ஒரு ஆள் குந்தியிருக்கிற அளவுக்கு. சுற்றிலும் காய்ந்த கல். ஆற்றிலிருந்து அங்கே வந்த ஈரத்தடம் எதுவும் இல்லை.

ஏறினோம்.

வேரைப் பிடித்து, கொடியைப் பிடித்து, நாலு காலில். மாமா என் காதோரம் முனகினார். ஒரு தடவைகூட இறக்கிவிடு என்று சொல்லவில்லை. பத்து ஆள் உயரம் ஏறியபோது மரக்கூரை எங்களை மூடியது. வானம் ஒரு துண்டுகூடத் தெரியவில்லை. மரத்தடியில் சாட்டிலைட் போன் வெறும் செங்கல். அதை எங்கள் ஆற்றில் எல்லோரும் அறிவார்கள்.

3:41.

போன் அடித்தது.

என் இடுப்புப் பையில்... அடித்துக்கொண்டே இருந்தது.

எடுத்துப் பார்த்தேன். சிக்னல் கோடு ஒன்றும் இல்லை. எண் இல்லை. பெயர் இல்லை.

எடுக்காதீங்க என்றார் வாத்தியார்.

எடுத்தேன்.

"ஏன் மேல போற?"

அதே குரல்.

"கீழ வா. நான் வந்துட்டேன். திட்டுல நிக்கிறேன்."

மூன்று பேரும் கீழே பார்த்தோம். இலைகளுக்கு இடையில் திட்டு தெரிந்தது. எங்கள் படகு தெரிந்தது. பெட்டிகள் தெரிந்தன.

ஆள் இல்லை.

"உன்னைப் பாக்கறேன்," என்றது. "திரும்பி வா."

மாமாவின் பற்கள் என் தோளில் கிடுகிடுத்தன. எனக்கும் நடுங்கியது. நடுங்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நடுக்கத்துக்கு நடுவில் எனக்கு ஒரு கோபம் வந்தது பாருங்கள். என் புருஷன் குரலை எடுத்துக்கொண்டு, என் புருஷன் எனக்குத் தராத பேச்சையெல்லாம் தந்து என்னை மயக்கப் பார்க்கிறது.

"கேளு," என்றேன். "இது நீ போட்ட போன். எனக்குக் காசில்ல. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசு. நான் ஏறிட்டே இருப்பேன்."

போனை வெட்டவில்லை. அப்படியே பையில் போட்டேன். ஏறினேன்.

அது பேசிக்கொண்டே வந்தது.

பையிலிருந்து... மெதுவாக... அவசரமே இல்லாமல்.

கால் வலிக்குதா என்றது. தண்ணி வேணுமா என்றது. என் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டது.

நான் வேரை எண்ணினேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

3:57.

குரல் நின்றது.

காடு நின்றது. ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை.

பிறகு அந்தச் சத்தம்.

மேலாற்றிலிருந்து, மலை உருளுகிற மாதிரி. பாய்ச்சலின் வெள்ளை நுரைக்கு மேல் பழுப்பாக ஒரு சுவர் வந்தது. வேரோடு பிடுங்கிய மரங்கள் அதில் நிமிர்ந்து நின்று சுழன்றன. நான் மூச்சு விட்டு மறுமூச்சு வாங்குவதற்குள் திட்டைக் காணோம். படகைக் காணோம். கறுப்புப் பாறையின் தலை மட்டும் ஒரு கணம் தெரிந்தது. அதுவும் போயிற்று.

பைக்குள் போன் இன்னும் திறந்திருந்தது.

அதிலிருந்தும் அதே வெள்ளத்தின் சத்தம் கேட்டது.

பிறகு, ரொம்பத் தாழ்வாக...

"ஏறிட்டியா?"

வெட்டிவிட்டது. நான் வெட்டவில்லை. அதுவே வெட்டியது.

4:20க்கு உச்சியில், மரம் சாய்ந்து வானம் திறந்திருந்த ஓரிடத்துக்குச் சேர்ந்தோம். போன் சிக்னலைப் பிடித்ததும் ஒன்றன் பின் ஒன்றாக மூன்று செய்திகள் வந்து விழுந்தன. மூன்றும் ஜாலுங் அனுப்பியவை. திட்டில், திறந்த வானத்தின் கீழ் போன் உயிரோடு இருந்தபோது ஒன்றுகூட வரவில்லை. 1:38, 2:05, 2:31. மூன்றிலும் ஏறக்குறைய ஒரே வரி. மேலே பெருமழை, தண்ணீர் ஏறுகிறது, திட்டில் ஒதுங்காதே, கரை ஏறு.

முறையை மீறி அவனை அழைத்தேன்.

"சொல்லு."

ஒன்று, இரண்டு எண்ணினேன். அந்த இடைவெளி அத்தனை இனிப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"மூணு பேரும் உயிரோட இருக்கோம். புவாங் மேல் கரை. மாமாவுக்குக் கால் முறிவு."

ஒன்று. இரண்டு.

"சரி. வை."

உட்கார்ந்து அழுதேன். வாத்தியார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா மட்டும், அழுகிற நேரத்தில் போனை அணை, பேட்டரி போகுது என்றார்.

மறுநாள் காலை 9:15க்கு ஜாலுங் இன்னும் நாலு பேரோடு வந்து சேர்ந்தான். மாமாவின் கால் கோணலாகத்தான் கூடியது, இப்போது தாங்கித் தாங்கி நடக்கிறார். உயிரோடு நடக்கிறார். ஜாலுங் சத்தியம் செய்தான்: அன்று மதியம் 1:30லிருந்து போன் அவன் கையிலேயே இருந்தது. 4:20 வரை ஒரு மணிகூட அடிக்கவில்லை. துறையில் நின்ற பத்துப் பேர் அதையே சொன்னார்கள்.

ஆனால் என் போனிலிருந்து அந்த இரண்டு அழைப்புக்கான நிமிடங்கள் கழிந்திருந்தன. எங்கள் படகுக்காரர் சங்கத்தில் அதைக் கேட்டார்கள். பதற்றத்திலும் பயத்திலும் நானே எதையோ அழுத்திவிட்டேன் என்றார்கள், பொம்பளை மனசு என்றார்கள். நான் பேசினது யாருடனோ அவரிடமே போய் வாங்கிக்கொள்ளுங்கள், புவாங் திட்டில்தான் இருக்கிறார் என்றேன். யாரும் போகவில்லை.

நான் போகிறேன். இன்றும் வாரம் இரண்டு முறை அந்தத் திட்டைத் தாண்டித்தான் என் படகு போகிறது. அங்கே ஒதுங்குவதில்லை. வேகத்தையும் கூட்டுவதில்லை. என் ஆறு அது. கண்டதற்கெல்லாம் பயந்து விட்டுக்கொடுக்க முடியாது.

இரண்டு வருடம் கழித்து, கடலோர நகரத்தில் போனுக்குக் கார்டு போடப் போயிருந்தேன். கடை வாசலில் ஒரு பெண் என்னை எதிர்பார்த்துக் காத்திருந்தாள். பஞ்சார் இனத்தவள், பெயர் ஹஸ்னா, நாற்பத்தைந்து வயதிருக்கும். சுகெங் வாத்தியார் யாரிடமோ சொன்ன கதை அவள் காதுவரை போயிருக்கிறது. அவள் கணவர் மரக் கம்பெனி ஒன்றில் காடு அளக்கும் வேலை பார்த்தவர். 2009ல் அவரும் கூட மூன்று பேரும் புவாங் திட்டில் வெள்ளத்தில் போய்விட்டார்கள். நாலு பேரும் கைகால் நன்றாக இருந்தவர்கள். தண்ணீர் ஏறுவதை அரைமணி நேரமாவது பார்த்திருப்பார்கள். ஏன் கரை ஏறவில்லை என்பது யாருக்கும் விளங்கவில்லை.

அவள் பையிலிருந்து மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாளை எடுத்தாள். அவருடைய சாட்டிலைட் போனின் கடைசி பில். முகாமுக்கு ஒரே ஓர் அழைப்பு. முகாமில் இருந்தவன் போன் அடிக்கவே இல்லை என்று போலீசில் சொன்னான். பொய்யன் என்று அவனை வேலையை விட்டு நீக்கினார்கள். அந்த அழைப்புக்கான காசைக் கம்பெனி அவளுக்குத் தர வேண்டிய தொகையில் பிடித்துக்கொள்ளப் பார்த்தது. அவள் விடவில்லை. ஒன்றரை வருடம் அலுவலகப் படி ஏறிச் சண்டை போட்டுத் திரும்ப வாங்கியிருக்கிறாள்.

"இவ்வளவு நேரம் பேசுனது அவரில்லம்மா," என்றாள். "எங்கிட்டயே ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேசமாட்டாரு. காசு போகும்பாரு."

பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

"உன்கிட்ட அது என்ன பேசுச்சு?"

சாப்பிட்டாயா என்று கேட்டது என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.  நான் தாளை வாங்கிப் பார்த்தேன்.

அழைப்பு தொடங்கிய நேரம் மதியம் 12:12.

வெள்ளம் அவர்களை லோங் சபுன் துறையில் கொண்டுவந்து ஒதுக்கியபோது மணி நாலு. அது அந்த ஊரே அறிந்த நேரம். அவரைத் தூக்கிக் கரையில் கிடத்தினார்கள். போன் அவர் சட்டைப் பையில், பொத்தான் போட்டபடி, தண்ணீர் நிறைந்து கிடந்தது.

பில்லில் அழைப்பு முடிந்த நேரம்...

4:41.